தீயணைப்பு வண்டி வரும் வழி

கட்டடம் கட்டுகிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. அனுமதி கிடைக்கிற வரைக்கும் வரைபடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கிடைத்த மறுநாள் அது எங்கே கிடக்கிறதென்று கேட்டால் தெரியாது. இந்தக் கிறுக்கர்களோடு மாரடிப்பதுதான் மாரீஸ்வரியின் பிழைப்பு. ராஜபாளையத்தில் ஒரு எஞ்சினியர் ஆபீசில் வேலை. வீடோ மில்லோ மண்டபமோ, எதுவானாலும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கித் தருவது அவள் பொறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஸ்கூட்டரில் அலைந்தே முகம் கருத்துப் போனவள்.

வத்திராயிருப்பு ரோட்டில் சோலைச்சாமி கட்டிய கல்யாண மண்டபமும் அவள் கைக்குத்தான் வந்தது. அவர் ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. மண்டபத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி வர வழி விடவேண்டும் என்பது நிபந்தனை. "வழி இருக்கும் சார், அதுக்கு நான் பொறுப்பு" என்று அதிகாரியிடம் வாக்குக் கொடுத்துத்தான் முதல் அனுமதியை வாங்கினாள். இதற்கிடையில் தங்கச்சி அனுசியாவுக்கு ஆவணியில் கல்யாணம் கூடிவந்தது. ஊரில் வேறு மண்டபம் எதுவும் காலியில்லை. சோலைச்சாமி மண்டபத்தின் முதல் முகூர்த்தமே அனுசியாவுடையது என்று பேசி, பத்திரிகையும் அடித்தாயிற்று. மண்டபத்தைத் திறப்பதற்கான கடைசிச் சான்று ஒன்றுதான் பாக்கி.

அதிகாரி ஆய்வுக்கு வருவதற்கு முந்தின நாள் போய்ப் பார்க்கிறாள், பின்பக்க வழிக்கு நட்டநடுவே பளபளவென்று ஒரு பிள்ளையார் கோயில்!

"என்ன சித்தப்பா இது?"

"ஈசானிய மூலை வெறிச்சுன்னு கெடக்கக் கூடாதுன்னு சோசியரு சொன்னாரு தாயி. கும்பாபிஷேகமும் முடிஞ்சிருச்சு. இனி எவன் கை வைப்பான்?" என்று சிரித்தார் மனுஷன்.

மாரீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமியைக் குறுக்கே உட்காரவைத்துவிட்டால் சட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விடும் என்கிற அந்த நினைப்பு இருக்கிறதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிள்ளையார் வழியை மறிக்கவா வந்தார்?

"பந்தியில அம்புட்டு சனமும் உக்காந்திருக்கும்போது தீப்பிடிச்சா, வண்டி எது வழியா வரும்? கோயில் திருப்பணிக்குச் சாமிய வேற எடத்துக்கு மாத்துவாவல்ல, அது மாதிரி பூசை பண்ணி முன்பக்கம் கொண்டுபோங்க."

"அட போ தாயி, இங்க என்ன தீயா பிடிக்கப்போவுது? நீ சொன்னா அந்த அதிகாரி நம்புவாரு. ஒந் தங்கச்சி கல்யாணத்த நெனச்சுக்கோ."

மறுநாள் அதிகாரி வந்தார். முன்பக்கம் பார்த்தார், மாடி பார்த்தார். வெயிலுக்குப் பயந்தோ என்னவோ, பின்பக்கம் போகாமல் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். "பின்னாடி வழி சரியா இருக்குல்லம்மா? நீங்க சொன்னாச் சரி."

சோலைச்சாமி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அனுசியா கல்யாணப் புடவையை மேலே போட்டுக் கண்ணாடியில் பார்த்தது மாரீஸ்வரிக்கு ஞாபகம் வந்தது. சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத் தன் நாக்கு தயாராக நின்றதை நினைத்தபோது, சோலைச்சாமி மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் தன் மேலேயே வந்தது.

"இல்ல சார். அடைச்சிருக்கு. வாங்க, காட்டுதேன்."

சான்று நின்றுபோனது. வீட்டில் அனுசியா அழுதாள். அப்பா பால்ச்சாமி, "கல்யாணத்த நடுத்தெருவுக்குக் கொண்டாந்துட்டியே" என்றதோடு சரி, அப்புறம் அவளோடு பேசவில்லை. சொந்தக்காரர்கள் ஆள்மாற்றி ஆள் வந்து அவளைத் திட்டிவிட்டுப் போனார்கள். வழியை அடைத்த சோலைச்சாமியை ஒருத்தராவது திட்ட வேண்டுமே! ம்ஹூம்.

கடைசியில் வீட்டு முன்னாலேயே பந்தல் போட முடிவாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஆபீசிலிருந்து வந்தவள் தெருமுனையிலேயே ஸ்கூட்டரை நிறுத்தினாள். இந்தச் சாக்கடையிலிருந்து அந்தச் சாக்கடை வரை கால் நட்டு, நடுவில் மேடையும் போட்டுத் தெருவையே அடைத்திருந்தார்கள்.

"வேல்சாமி அண்ணே, யாரக் கேட்டுத் தெருவ அடைச்சிய? ஒரு பக்கம் கால உள்ள தள்ளுங்க. வண்டி வர வழி வேணும்."

பந்தல்காரர் வேல்சாமி ஏணியிலிருந்து இறங்கவேயில்லை. "எல்லாரும் இப்பிடித்தான போடுதாவ? இங்க என்ன தீயா பிடிக்கப்போவுது?"

அதே வார்த்தை. பந்தலடியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஆபீசுச் சட்டத்த வீட்டுக்கும் கொண்டாந்துட்டா பாரு!"

மாரீஸ்வரி விறுவிறுவென்று பந்தலடிக்குப் போனாள். கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு, ஓரத்துக் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டத் தொடங்கினாள். அது அசையவில்லை. கோபத்தில் கண்ணீர் முட்டியது. மறுபடியும் ஆட்டினாள்.

பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து அதே காலைப் பிடித்தது. பால்ச்சாமி அவளைப் பார்க்கவில்லை, ஏணியைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே வேலு, என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்க? எம்மக சொல்லுதால்ல, எறங்கி வந்து புடுங்குலே!"