கன்னத்தில் இரண்டு ரூபாய்

எந்த ஊரிலும் நான் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. போன இடத்திலெல்லாம் கூலி வேலைதான். கையில் கூலி விழும்போதெல்லாம் கொல்லிமலைக் காப்பித் தோட்டத்தின் ஒரு பகல் நினைவுக்கு வரும். அப்புறம் அந்த ஊரில் கால் நிற்காது.

அது வெள்ளைக்காரன் காலம். அம்மாவும் அவள் தம்பியான என் மாமனும் அங்கே பழம் பறித்தார்கள். சின்னப் பிள்ளையான நானும் அரைக் கூலிக்குப் பறித்தேன். சனிக்கிழமை தோறும் கூலிக் காசுக்குப் பதிலாகத் தகர வில்லை கொடுப்பார்கள். அது தோட்டத்துக் கடையில் மட்டும்தான் செல்லும். புழுத்த அரிசி, உப்பு, வெல்லம், எல்லாம் கணக்கப்பிள்ளை சொன்ன விலை. மலையை விட்டு இறங்கினால் அந்த வில்லைக்கு ஒரு வெற்றிலைகூடக் கிடைக்காது.

மாமனுக்கு அதே மலையில் பெரக்கரை நாட்டில் பெண் பேசியிருந்தது. பரிசத் தட்டில் இரண்டு வெள்ளி ரூபாய் வைக்க வேண்டும். மாமனிடம் ஒரு பை நிறைய வில்லைதான் இருந்தது. பெண்ணின் அப்பன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தான். "ஏனுங்க மாப்ளே, இத ஆட்டுக் கழுத்துல கட்டலாமுங்க. எம்புள்ளைக்கு ஆவாதுங்க" என்றான். தை கழிவதற்குள் வெள்ளி வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான், கூலி எப்படிக் கொடுக்கிறார்கள் என்று விசாரிக்க ஓர் அதிகாரி குதிரையில் வந்தார். கணக்கப்பிள்ளை எங்களை வரிசையாக நிறுத்தி, அதிகாரியின் கண் முன்னே ஒவ்வொருவர் கையிலும் வெள்ளி ரூபாய் வைத்தார். மாமனுக்கு இரண்டு. அதிகாரி எழுதிக்கொண்டு போனார். குளம்புச் சத்தம் ஓய்வதற்குள், கணக்கப்பிள்ளையின் ஆள் முறத்தை ஏந்திக்கொண்டு கொடுத்த ரூபாயை எல்லாம் திரும்ப வாங்கத் தொடங்கினான்.

மாமன் குனிந்து என் ஒவ்வொரு கன்னத்திலும் ஒரு ரூபாயை அடக்கினான். "வாயத் தொறக்காத சாமி. உனக்கு அத்த வரோணுமில்ல?"

முறம் வந்தபோது, முன்பே போட்டுவிட்டதாகச் சொன்னான். கணக்கப்பிள்ளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். யாரையும் அதட்டவில்லை. கடைக்குள் போய் ஒரு தட்டு வெல்லத்தோடு வந்தார்.

"புள்ளைங்க எல்லாம் சமத்தா நின்னீங்க. வா கண்ணு, ஆளுக்கொண்ணு. வாயத் தொறங்க, நானே போடறேன்."

வில்லை வாங்காமல் அவர் வெல்லம் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அம்மா என் தோளை அழுத்தினாள். மாமன் கால் மாற்றி மாற்றி நின்றான். எனக்கோ வாயில் இடமில்லையே என்ற ஒரே கவலை. என் முறை வந்ததும் இரண்டு ரூபாயையும் உள்ளங்கையில் துப்பி, அவரிடமே பத்திரமாக நீட்டிவிட்டு, வாயைத் திறந்தேன்.

அன்றைக்கே மாமனைத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். பையிலிருந்த வில்லைகளைக் கடை வாசலில் கொட்டிவிட்டு மலையிறங்கிப் போனவன் திரும்பி வரவில்லை. தை முடிந்ததும் அந்தப் பெண்ணை வேறொருவன் கட்டிக்கொண்டான்.

மாமன் போன பிறகு அம்மா என்னை விளாசினாள். தோட்டத்துப் பணத்தை வாயில் ஒளித்ததற்காகத்தான் அடிக்கிறாள் என்று நினைத்து, "இனிமே திருட மாட்டேம்மா" என்று கத்தினேன். அதைக் கேட்ட பிறகுதான் அவள் இன்னும் ஓங்கி அடித்தாள்.