பிடியரிசிப் பைகளும் நானும்

சபையின் உதவிக் குழுவில் செயலாளராக இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. சனிக்கிழமைத் தூக்கமும் கிடையாது. ஏதோ ஒரு கோயிலில், ஏதோ ஒரு சங்கத்தில், அடுத்தவருக்காகக் கேட்டு வாங்கும் வேலையில் மாட்டிக்கொண்டு, தெரிந்தவர்கள் எதிரே வந்தால் அவர்கள் ஒதுங்குவதற்குள் தாமே ஒதுங்கிவிடும் பழக்கம் வந்துவிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நியமனம்

எங்கள் சபை மும்பை தாராவியில் இருக்கிறது. பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். அப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். செம்பூரில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்த சில நாட்களிலேயே, ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்த ஐயர் (எங்கள் ஆட்களுக்குப் போதகர் ஐயர், சர்ச் கோயில்) உதவிக் குழுவின் புதிய செயலாளர் என்று என் பெயரை வாசித்துவிட்டார். முன்கூட்டி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரு வாரம் யோசித்து, முடியாது என்று சொல்லப் பயந்து, சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்: "நாலு பேரு வந்தா கதவுக்குப் பின்னால போயி நிக்குத பிள்ளைய, வீடு வீடாப் போயி கேக்கச் சொல்லுதாவ. படிச்சா வாயும் சேந்து முளைக்கும்னு நெனச்சிட்டாவ போல."

சமையல் இல்லாத வீடு

பிடியரிசி எங்கள் ஆட்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பீடத்துக்கு முன்னால் இருக்கும் அண்டாவில் கொட்ட வேண்டும். அந்த அரிசி சபையில் கஷ்டப்படும் குடும்பங்களுக்குப் போகும். பணம் கொடுக்க முடியாதவர்கூட ஒரு பிடி கொடுக்க முடியும். இதை நான் உண்மையாகவே நம்புகிறேன். ஆனால் நம்புவதை இன்னொருவர் வீட்டு வாசலில் நின்று சொல்வது வேறு வேலை.

முதலில் போனது திலக் நகரில் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதியிடம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். சொல்ல வேண்டியதை ரயிலில் நின்றபடியே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அந்தத் தம்பி கடைசி வரை பொறுமையாகக் கேட்டான். மனைவியிடம் இந்தியில் ஏதோ கலந்து பேசினான். பிறகு இந்தியில் அக்கா முறை வைத்து மிகவும் அக்கறையாகச் சொன்னான்: "எங்க வீட்டுல சமையலே கிடையாது தீதி, சாப்பாட்டு டப்பாதான் வருது. டப்பாவுல இருந்து டெய்லி ஒரு பிடி எடுத்து வெச்சா, மாசக் கடைசியில சர்ச்சுக்குள்ள யாரும் உக்கார முடியாதே."

முலுண்டிலிருந்து ஒரு மூட்டை

எங்கள் சந்தில் வளர்ந்து, நன்றாக வந்து, முலுண்டில் ஃபிளாட் வாங்கிப் போன ஓர் அங்கிள் இருக்கிறார். நான் ஒரு தடவைதான் ஃபோன் செய்தேன். மறுநாளே நல்ல அரிசி ஒரு மூட்டை கோயில் வாசலில் இறங்கியது. நன்றி சொல்லக் கூப்பிட்டேன். அந்த அரிசி எந்தக் குடும்பத்துக்குப் போகிறதோ, அவர்கள் வாங்குகிற மாதிரி ஒரு ஃபோட்டோ அனுப்பச் சொன்னார்.

யாருக்குப் போகிறது என்று நாங்கள் வெளியே சொல்வதில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போனார். (அடுத்த மாதமும் மூட்டை வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) அன்றைக்கு மட்டும் கேட்டார்: "நாங்க இருந்த சந்துல இன்னும் கஷ்டம் இருக்குன்னு என் பையன் நம்பவே மாட்டேங்கிறாம்மா. ஃபோட்டோ இல்லாம அவன்கிட்ட நான் எதைக் காட்டுறது?"

பெயர் போட்ட பை

குழுவின் பொருளாளர் ஞானராஜ் அண்ணாச்சி. தையல் பட்டறை வைத்திருப்பவர். கோயிலுக்கு ஒரு ஃபேன் வேண்டும் என்றால் முதலில் அவர் கைதான் சட்டைப் பைக்குள் போகும். பிடியரிசி சரியாகச் சேரவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு, பட்டறையில் மிஞ்சிய வெள்ளைத் துணியில் வீட்டுக்கு ஒரு பை தைத்துவிட்டார். ஒவ்வொன்றிலும் குடும்பத் தலைவர் பெயர், பெரிய எழுத்தில், சிவப்பு நூலில். ஆராதனையில் ஐயர் பெயரைக் கூப்பிடக் கூப்பிட, குடும்பம் குடும்பமாக வரிசையில் வந்து கொட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்த மாதம் அண்டா நிரம்பி வழிந்தது. பக்கத்து வீட்டுப் பையைவிடத் தன் பை சின்னதாகத் தெரியக்கூடாது என்று கடையில் வாங்கி நிரப்பிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. எனக்கு என்னமோ மனது சரியாக இல்லை. ஆனால் எனக்கு எப்போதுமே மனது சரியாக இருப்பதில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணாச்சி அண்டாவைத் தட்டிக்கொடுத்தார்: "பாத்தியா மக்ளே, பேரு போட்டாத்தான் நம்ம ஆளுக்குக் கை நீளும்."

ஆணியில் தொங்கியது

பைகள் வந்த பிறகு சீலி அக்கா குடும்பம் கோயிலுக்கு வரவில்லை. அவர் வீட்டுக்காரர் தங்கராஜ் அண்ணனுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு, சுமை தூக்கும் வேலை நின்று போயிருந்தது. அவர்கள் வேறு சபைக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் சுவரில் ஆணியில் அந்த வெள்ளைப் பைதான் முதலில் கண்ணில் பட்டது. மடிப்புக்கூடக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா பால் இல்லாத டீ போட்டுக் கொடுத்தார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பிள்ளைகள் ஒரு வேளை சாப்பாட்டோடு பள்ளிக்குப் போகிறார்கள் என்பது, அக்கா சொல்லாமலே, அடுப்பின் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்தே தெரிந்தது. குழுவிலிருந்து அரிசி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். யாரிடமும் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கோயிலுக்காவது வாருங்கள் அக்கா என்றேன். அவர் பையைப் பார்த்தார்: "பேரக் கூப்பிட்டதும் இந்த வெறும் பையத் தூக்கிட்டு எல்லாரு முன்னாலயும் எப்பிடிட்டி நடந்து வருவேன்?"

பெயர் சொல்லாத ஏழை

எங்கள் குழுவுக்கு ஒரு விதி உண்டு: கோயிலுக்கு ஒழுங்காக வருகிற குடும்பங்களுக்குத்தான் உதவி. ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கப் போட்ட விதி. சீலி அக்காவால் அரிசி இல்லாமல் கோயிலுக்கு வர முடியவில்லை. கோயிலுக்கு வராததால் அரிசி கொடுக்க முடியவில்லை. கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தேன். ஒரு குடும்பம் இருக்கிறது, யாரென்று சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அண்டாவை ஐயர் உடை மாற்றும் சின்ன அறைக்குள் வைத்துவிடலாம் என்றேன். பெயர் கூப்பிட வேண்டாம், வெள்ளைப் பையும் வேண்டாம். வழக்கமாக வேதப்புத்தகமும் பாட்டுப் புத்தகமும் கொண்டுவரும் பையோடு, வீட்டுக்கு ஒருவர் தனியாக உள்ளே போகட்டும். இருப்பவர் போடட்டும், இல்லாதவர் அள்ளிக்கொள்ளட்டும். கோயிலுக்கு வந்தால்தானே அள்ள முடியும், அதனால் விதியும் உடையாது. ஐயர், ஒரு ஞாயிறு செய்து பார்ப்போம் என்றார். அண்ணாச்சிக்குத்தான் பொறுக்கவில்லை: "ஏழைக்குக் கொடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. பேரே இல்லாத ஏழைக்கு எப்பிடிம்மா கணக்கு எழுதுவேன்?"

அறை வாசலில்

புது ஏற்பாட்டை வீடு வீடாகப் போய் முன்னமே சொல்லியிருந்தேன், சீலி அக்கா வீட்டிலும். அந்த ஞாயிறு, போன மாத மிச்சத்தையும் முலுண்ட் மூட்டையையும் முன்னதாகவே அண்டாவில் கொட்டி வைத்தோம். போடுவதும் எடுப்பதும் இரண்டும் ஆராதனைதான் என்று மட்டும் ஐயர் சொன்னார். நான் அறைக்கு முதுகு காட்டி வாசலில் நின்றேன். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். கடைசிப் பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது சீலி அக்காதான். அவர் எழுந்து வந்தார், என்னைப் பார்க்காமல் உள்ளே போனார், என்னைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

எல்லாரும் போன பிறகு அண்ணாச்சியும் நானும் அறைக்குள் போனோம். அண்டாவில் பாதிக்குமேல் குறைந்திருந்தது. ஒரு குடும்பம் எடுத்த அளவு இல்லை அது. திருட்டு என்று சொல்லப்போகிறார், இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணாச்சி குனிந்து உள்ளே பார்த்தார். கையை விட்டு அரிசியைச் சமப்படுத்தினார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது: "நம்ம சனந்தானே எடுத்திருக்கு. இத்தன பேரு பசிய வச்சிக்கிட்டா மக்ளே, நம்ம பக்கத்துல நின்னு பாட்டுப் படிச்சிருக்காவ?"

பஸ் நிறுத்தம் வரைக்கும்

வெளியே வந்தால் சந்து முனையில் சீலி அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தார். தோளில் வேதப்புத்தகப் பை. ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உட்கார முடிகிறது என்றார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். பிரசங்கம் பற்றிக்கூடப் பேசினேன். கேட்க வேண்டிய ஒன்று மட்டும் நாக்கு நுனியில் நின்று குடைந்தது. போதுமான அளவு எடுத்தாரா, வெட்கப்பட்டு ஒரு பிடியோடு வந்துவிட்டாரா, எடுத்தாரா இல்லையா? அவர் பையின் வாரைப் பார்த்தேன். அது தோளில் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

பஸ் நிறுத்தம் வந்ததும் நின்றார். என் முடியை ஒதுக்கிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்: "கேக்காதட்டி. நீ கேக்காம இருந்தா அடுத்த மாசமும் வருவேன்."

எல்லாம் சரியாக நடக்கும்போது யாருக்கு என்ன கிடைத்தது என்று நமக்கே தெரியாமல் போகிற இந்த வேலையை, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டால்தான் தூக்கம் வரும் என்னிடம் எதற்குக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் ஐயரிடம் இன்னும் கேட்கவில்லை.