அவுக மாடு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி எங்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டுபோய் ஆபீசுக்குப் பின்னால் கட்டிவிட்டார். ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடியபிறகு, எங்கள் சுங்கை லாலாங் தோட்டத்தில் அவர்தான் துரை.

"செத்தவன் சொத்து எல்லாம் கோர்ட்டு வழியாத்தான் வரணும் லா. அதுவரைக்கும் மாடு இங்கதான் நிக்கும்."

அதுவரைக்கும் பால் அவர் வீட்டுக்கு. மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் கிடைக்காத நாளில், ஒன்றரை வயதுத் தங்கைக்கு அந்தப் பால்தான் உயிர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஜப்பான்காரன் பள்ளியை மூடலாம், நான் படித்த எழுத்தை மூட முடியுமா? அப்பாவின் நிலப் பத்திரமான கிராண்டை எடுத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணி நில ஆபீசுக்கு நடந்தேன். வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. அதுவும் சேர்ந்து எரிந்தது.

மலாய்க்காரக் குமாஸ்தா பொறுமையாகச் சொன்னார். கிராண்டில் அப்பா பேர் இருப்பதால், கோர்ட்டு உத்தரவு இல்லாமல் நிலம் பேர் மாறாது. ஆனால் அப்பாவுக்குச் சொந்தமானதற்குத்தான் அந்த விதி. மாடு யாருடையது?

மாமா அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த பசுவின் கன்று அது என்றேன்.

"அப்படியென்றால் உன் அம்மாவுடையது. கோர்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை."

திரும்பி வந்து சொன்னதும் கிராணி சிரித்தார். "நான் மாட்டைப் புடிச்சிட்டு வர்றப்ப உங்க ஆத்தாளே 'அவுக மாடு'ன்னு சொன்னாளே! நாலு எழுத்துப் படிச்சா லாயரா நீ?"

சொன்னது உண்மைதான். புருஷன் பேரை வாயால் சொல்லாத அம்மா, தன் கழுத்துச் சங்கிலியைக்கூட 'அவுகளுது' என்றே சொல்லிப் பழகியவள். மரியாதைக்குச் சொன்ன சொல்லை இந்த மனிதர் சாட்சியாக்கிவிட்டார். என் கோபத்தில் பாதி அம்மா மேல் திரும்பியது.

மறுநாள் காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியிருந்தபோது அம்மாவை ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"சொல்லும்மா, யார் மாடு?"

"அவுக..."

"அம்மா!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கண்ணன் எனக்குக் குடுத்தது சாமி. எம் மாடு."

கூட்டத்தில் ஓர் அக்கா கத்தினாள்: "கேட்டுச்சா கிராணிய்யா? அவ மாடாம். பால் குடிச்சது போதும், அவுத்து விடுங்க!"

அவர் அவிழ்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே அவிழ்த்தேன்.

நிலம் பேர் மாற, ஜப்பான் சண்டை ஓய்ந்தும் வெகுநாள் ஆயிற்று. மாடு அன்றைக்கே வீட்டுக்கு வந்தது. வரும் வழியில் யாரோ ஒருவரின் கிழங்குத் தழையில் வாய் வைத்துவிட்டது.

"யார் மாடு இது?" என்று அவர் வேலிக்குள்ளிருந்து சத்தம் போட்டார்.

"அவுக மாடுதான் அண்ணே" என்றாள் அம்மா.