கொரின் இறங்காத ஆட்டம்

பிரின் ஹாலரன் வலைக்கோலால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ராஸில் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆன கதையை ஊரே பெருமையாகச் சொல்கிறது. அந்த அணிக்குக் கணுக்கால் கட்டும் மணிக்கட்டுக் கட்டும் போடுகிறவள் நான். பக்கத்திலேயே நின்று பார்த்ததால் எனக்கு அவ்வளவு பெருமை வரவில்லை.

பிரின் இங்கேயே விளையாடியவள்தான். விளையாடினாள் என்பதே அதிகம். வலைக்கோலை மடியில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பெஞ்சைத் தேய்த்தாள். படிப்பு முடிகிற வருஷம், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் இறங்கினாள். எங்கள் வழக்கம் அது. கடைசி வருஷப் பெண்கள் பெற்றோர் கையைப் பிடித்து நடந்து வந்து பூ வாங்குவார்கள். பிறகு, நன்றாக ஆடத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஆட்டத்தைத் தொடங்குவது அவர்கள்தான். ஒரு நிமிஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் அழுததில், மணிக்கட்டில் நான் போட்ட கட்டே நனைந்துபோனது.

இந்த வசந்தத்தில் பழைய பயிற்சியாளர் பாதியில் வேறு கல்லூரிக்குப் போய்விட, பிரினைத் தற்காலிகமாகப் போட்டார்கள். கடைசி ஆட்டத்தை ஜெயித்துப் போட்டித்தொடருக்குள் நுழைந்தால் பதவி நிரந்தரம் என்றார் விளையாட்டுத் துறைத் தலைவர்.

அந்த ஆட்டம்வரை கடைசி வருஷப் பெண்களில் ஒரு தடவைகூட இறங்காதவள் கொரின் புலாஸ்கி ஒருத்திதான். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற அப்பா லீவு போட்டு வந்திருந்தார். அம்மா லொரைன் இரண்டு அணிக்கும் சேர்த்துப் பெரிய பானையில் உப்பு உருளைக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்திருந்தாள். பூ கொடுத்தாயிற்று. தொடங்குகிறவர்கள் பெயரை பிரின் படித்தாள். கொரின் பெயர் இல்லை.

"ஏய் பிரின், ஒரு நிமிஷம்தானே? இறக்கி விடேன்," என்றேன்.

"அந்த ஒரு நிமிஷத்துல ஒரு கோல் விழுந்துட்டா? உன் வேலையா போகப்போவுது?" என்றவள், கொரின் பக்கம் திரும்பினாள். "ரெண்டாவது பாதியில கண்டிப்பா, சரியா?"

"சரி கோச்."

இரண்டாவது பாதியில் நாங்கள் ஆறு கோல் முன்னால் இருந்தோம். ஒருத்தி முழங்காலுக்கு நான் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். கொரின் கண்காப்பை மாட்டிக்கொண்டு பிரின் தோளருகிலேயே வந்து நின்றாள். பிரின் அவளைச் சுற்றிக்கொண்டு போய் மைதானத்தில் ஆடுகிறவர்களைப் பார்த்துக் கத்தினாள். ஆட்டம் முடிந்து விசில் ஊதினார்கள். குதித்துக் கூத்தாடித் திரும்பியபோதுதான் கொரினின் மண் படாத சீருடை பிரின் கண்ணில் பட்டது. முகம் செத்துவிட்டது.

வண்டி நிறுத்துமிடத்தில் லொரைன் ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு வைத்து, மேலே உருக்கிய வெண்ணெயை ஊற்றி பிரினிடம் நீட்டினாள். "சாப்பிடும்மா. காலையிலேர்ந்து பட்டினியா இருந்திருப்ப." ஒரு குத்தல் கிடையாது. திட்டியிருந்தால் தேவலை. துறைத் தலைவர் வந்து பதவி உறுதி என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், கொரினும்தான். பிரின் ஒரு துண்டை எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். எனக்கே பார்க்கக் கூசியது.

கடைசியில் பிரின் கொரினிடம் போனாள். "பொய் சொல்லல கொரின். சுத்தமா மறந்துட்டேன்."

"விடுங்க கோச். முதல்ல எனக்கும் கோபம்தான். அடுத்த வருஷம் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சின்னப் பொண்ணுங்களுக்கு நான்தான் கோச். ஜெயிக்கணும்னா இப்படித்தான் இருக்கணும் போலன்னு புரிஞ்சுது. உங்களப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

கேலி இல்லை, மனசாரச் சொன்னாள்.

"கத்துக்காத," என்றாள் பிரின். அது எனக்கு மட்டும்தான் கேட்டது. கொரின் அதற்குள் அம்மாவோடு பானையைத் தூக்கப் போய்விட்டாள்.