அதே முகம், வேறு ஆள்

மனநலக் கிளினிக்கில் டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியின் கதையைக் கேட்டு எழுதுகிற வேலை என்னுடையது. இதே வேலையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும்.

தனித்தனியாக

நோயாளியையும் கூட வந்தவரையும் தனித்தனியாகக் கேட்பது எங்கள் வழக்கம். நீலசந்திராவிலிருந்து ஸ்டெல்லாவை அவள் அக்கா அழைத்து வந்தாள். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் கணவர் சேவியர் அதே பஸ்ஸில் கடைசி சீட்டில் தனியாக வந்தாராம். மூன்று வாரமாக அவரை ஸ்டெல்லா வீட்டுக்குள் விடவில்லை.

அவள் பேச்சில் குழப்பமில்லை, அழுகையும் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மூஞ்சி அவரோடதுதான் மேடம். தழும்புகூட அதே எடத்துல இருக்கு. ஆனா இது அவரு இல்ல. நல்லா செஞ்சிருக்காங்க."

என் அறிவாளித்தனம்

நான் அப்போது வேலைக்குப் புதுசு. சாட்சி காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்து, சேவியரை உள்ளே கூப்பிட்டேன். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லச் சொன்னேன். பெண் பார்த்த அன்று அவள் கட்டியிருந்த புடவையின் நிறம், போன வருஷம் செத்துப் பிறந்த குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயர், எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னார்.

சொல்லச் சொல்ல ஸ்டெல்லாவின் முகம் வெளுத்தது. எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"பாத்தீங்களா? என் வீட்டுக்காரருக்குக் கல்யாண நாளே ஞாபகம் இருக்காது. இந்த ஆளு எல்லாத்தையும் படிச்சிட்டு வந்திருக்கான்."

ஆளுக்கொரு காரணம்

அக்கா செய்வினை என்றாள். டாக்டர் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லை என்று மாத்திரை எழுதினார். எங்கள் சைக்காலஜிஸ்ட் ஷைலஜா சொன்னது வேறு. தெரிந்த முகத்தைப் பார்த்ததும் கூடவே பாசமும் வரவேண்டும். அது வராதபோது, ஏன் வரவில்லை என்பதற்கு மனசு தானே ஒரு கதை கட்டிக்கொள்ளும் என்றார். எனக்கும் அவரிடம் கன்னடம் கலந்த தமிழில் திட்டு விழுந்தது.

"சும்னே சாட்சி காட்டாதம்மா. சாட்சி ஏற ஏற அவளோட கதையும் ஏறும்."

சேவியரின் முறை

குழந்தையை அடக்கம் செய்த மறுநாளே ஷிஃப்டுக்குப் போய்விட்டாராம். அதற்கப்புறம் வீட்டில் அவர் சிரிக்கவில்லை, அழவுமில்லை. இப்போது ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் தன்னையே உற்றுப் பார்ப்பதாகச் சொன்னார்.

"பழைய ஆளு எங்க போனான்னு எனக்கே தெரியல மேடம். அவ சொல்றது நெஜமோன்னு டவுட்டா இருக்கு."

வீட்டுக்குள்

ஆறு மாதம் மாத்திரையும் பேச்சுமாகப் போனது. சேவியர் ஒருநாள் ஷைலஜாவின் அறையில் குழந்தைக்காக வாய்விட்டு அழுதார். ஸ்டெல்லாவுக்குப் பயம் போயிற்று, தூக்கம் வந்தது. கணவரை வீட்டுக்குள் விட்டாள். கடைசியாக வந்த அன்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். ஃபைலில் 'குணமாகிவிட்டது' என்று சந்தோஷமாக எழுதினேன்.

அவர் மருந்து வாங்கப் போனதும், ஸ்டெல்லா என் பக்கம் குனிந்தாள்.

"அவரு இனிமே வரமாட்டாரு மேடம். பரவால்ல, இவரும் நல்லவருதான். இவருகிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு."

வியாதி போய்விட்டதா, இல்லை நாகரிகம் கற்றுக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க, நம் தொழிலில் இன்னும் ஒரு ஸ்கேனும் வரவில்லை.