மார்க்கெட் ரேட் என்றால் முத்துக்குமார்

ஒரகடத்து அறையை நினைத்தால் முதலில் வருவது கூலன்ட் ஆயில் வாசனைதான். கொடியில் காயும் முத்துக்குமாரின் யூனிஃபார்மிலிருந்து வரும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பக்கத்தில் தொங்கும் என் சட்டையில் டீசல் வாசனை... ஆனால் பாக்கெட்டுக்கு மேல் சின்னதாக ஒரு விமானம் தைத்திருக்கும்.

நாங்கள் இருவரும் சங்கரன்கோவில் பக்கம். ஒரே பாலிடெக்னிக், ஒரே மெக்கானிக்கல் டிப்ளமோ. அவனுக்கு ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் கம்பெனி. எனக்கு மீனம்பாக்கத்தில் ஒரு ஏர்லைன்ஸ். வாடகை குறைவு என்பதால் அவன் அறையிலேயே நானும் ஒட்டிக்கொண்டேன். ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். தினமும் இதுதான்.

நான் பிளேன் ரிப்பேர் பார்ப்பதாக ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நான் பார்த்தது விமானத்தை இழுக்கும் டிராக்டரையும், பெட்டி ஏற்றும் பெல்ட் வண்டியையும். நான் யாரையும் திருத்தவில்லை. முத்துவுக்கு மட்டும் தெரியும். அவனும் யாரிடமும் சொன்னதில்லை.

நான் சேர்ந்து மூன்று வருடம் இருக்கும். சம்பளம் ஏறவே இல்லை. ஓவர்டைம் பார்க்க மாட்டோம் என்று எல்லாரும் நிறுத்தினோம். உடனே நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார்கள். மார்க்கெட் ரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம், எங்களுக்கு ஏற்கெனவே அதிகம்தானாம். எந்த மார்க்கெட் என்று பார்த்தால்... ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் டிப்ளமோ முடித்த டெக்னீஷியன் வாங்குகிற சம்பளம்.

எங்கள் யூனியன் தலைவர் ராஜேந்திரன் அண்ணன் ராயபுரத்துக்காரர். தாளைப் படித்ததும் கொதித்துவிட்டார்.

"நம்மள இன்னான்னு நெனச்சிகினுகீறான் இவன்? லாரிக்கு நட்டு முடுக்குறவனும் நாமளும் ஒண்ணா? நீ நல்லா எழுதுவியே, ஒரு நோட்டீஸ் எழுதிக் குடு. நறுக்குன்னு இருக்கணும்."

எழுதினேன். 'நாங்கள் லாரிக்கு நட்டு முடுக்குபவர்கள் அல்ல. விமானத்தைப் பறக்க வைப்பவர்கள்' என்பது முதல் வரி. எல்லாரும் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். எனக்கே அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது.

மீந்த நோட்டீஸ்களை அறைக்குக் கொண்டுவந்தேன். அதுதான் நான் யோசிக்காமல் செய்தது. ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தபோது முத்து கையில் அது இருந்தது.

"நீ எழுதுனதாடே?"

"ஆமா... அண்ணன் சொல்லி எழுதுனது."

"நல்லாத்தான் எழுதிருக்கே."

மடித்து என் பையிலேயே வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்க உட்கார்ந்தான். நீ மட்டும் என்ன டிராக்டருக்கு முடுக்காமல் வேறு என்னத்தை முடுக்குகிறாய் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். அவன் கேட்கவில்லை.

சாப்பிடும்போதுதான் பேசினான்.

"போன மாசம் எங்க லைன்லயும் சம்பளம் கேட்டோம். கான்ட்ராக்ட் பையன் இதவிடக் கம்மிக்கு வாரான், அதான் மார்க்கெட்டுன்னுட்டான் கம்பெனிக்காரன். ஒனக்கு என்னயக் காட்டுதான். எனக்கு அந்தப் பையனக் காட்டுதான். நீ கோவப்பட வேண்டியது என் மேலயாடே?"

தட்டை எடுத்துக்கொண்டு கழுவ எழுந்தேன்.

அடுத்த வாரம் பேச்சுவார்த்தை. குறிப்பெடுக்க என்னையும் உள்ளே அழைத்துப்போனார்கள். மேனேஜர் அதே பட்டியலை எங்கள் முன் வைத்தார். "உங்க டிப்ளமோ படிச்சவங்கதான் ஒரகடத்துல இதுக்கு சந்தோஷமா வேலை பாக்கறாங்க" என்றார். ராஜேந்திரன் அண்ணன் என்னைப் பார்த்தார். நோட்டீஸில் எழுதியதைச் சொல் என்று அர்த்தம்.

வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"சார், அவங்கள்ல ஒருத்தன் கூடத்தான் நான் தங்கியிருக்கேன். அவனும் சந்தோஷமா இல்ல. அவனும் அங்க கேட்டுக்கிட்டுதான் இருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே படிப்பு, கிட்டத்தட்ட ஒரே வேலை. அவனுக்கே பத்தாத சம்பளத்த வச்சு எனக்கு எப்படி சார் அளக்கறீங்க?"

மேனேஜர் பேனாவை எடுத்தார். 'ஒரே வேலை' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் கோபப்படக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நம்ம வேல வேறன்றதுதாம்பா நம்ம கையில இருந்த ஒரே பிடி. அத நீயே எடுத்துக் குடுத்துட்டியே" என்றார். கடைசியில் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அதன் பிறகு என்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. மீதிப் பாதி என்னால்தான் போனதா... இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நோட்டீஸின் முதல் வரியை அங்கே சொல்லியிருந்தால், அன்று மாலை எந்த முகத்தோடு அறைக்குப் போயிருப்பேன் என்பதும் தெரியவில்லை.

நடந்ததை முத்துவிடம் சொன்னேன். "கிறுக்குப் பயலே, ஒனக்கு எதுக்கு இந்த வேல" என்றவன், அன்றைக்கு என்னைச் சமைக்க விடவில்லை. ஜங்ஷனில் பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

இப்போது நான் வேறு கம்பெனியில், ஏசி அறையில். நம் பதவிக்கு மார்க்கெட்டில் என்ன சம்பளம் என்று போனே சொல்லிவிடுகிறது. ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று தெரியாது. கேட்பது நாகரிகமில்லை, சொல்லக் கூடாது என்று வேலைக்கான ஆர்டரிலேயே போட்டிருக்கிறது. அந்த ஒரகடத்து அறையிலோ இருவருடைய பே ஸ்லிப்பும் பாய்மேல்தான் கிடக்கும்.

போன ஞாயிறு வாலாஜாபாத்துக்குப் போயிருந்தேன். முத்து அங்கே வீடு கட்டியிருக்கிறான். அதே லாரி கம்பெனி, இப்போது பெர்மனென்ட். கிளம்பும்போது, நான் கேட்காமலே இப்போது கைக்கு எவ்வளவு வருகிறது என்று சொன்னான். நானும் சொன்னேன்.

மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். "எனக்குத்தான் கூட வருது போலயேடே" என்றான், கொஞ்சம் சங்கடமாக. நான்தான் முதலில் சிரித்தேன்.

திரும்பி வரும்போது எண்ணிப் பார்த்தேன். இன்றைக்கு என் சம்பளம் தெரிந்தவர்கள் ஆபீஸுக்கு வெளியே மூன்றே பேர்... என் மனைவி, பேங்க், முத்துக்குமார்.