செய்யாறு படகில் ரோஸ்லின் கேட்ட கேள்வி

ரேஷன் கடை வரிசையில் நின்று, கைரேகை இயந்திரத்தில் விரலை வைத்திருந்தபோது போன் அடித்தது. ரோஸ்லினின் தம்பி சேகர். "யக்கா, ரோஸி அக்கா பூட்ச்சிக்கா" என்றான். எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண் பையை வாங்கிக்கொண்டு என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்தாள்.

அந்தமானில் பாய்மரப் படகில் குடியிருப்பவர்கள் காலையும் மாலையும் தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில் துறைமுகத்துக்குச் சொல்ல வேண்டும். எட்டு வருடத்தில் ரோஸ்லின் ஒரு நாளும் தவறியதில்லை. அன்று காலை அவள் குரல் வரவில்லை. ஆளனுப்பிப் பார்த்தபோது, தன் படகிலேயே படுக்கையில் கண்மூடிக் கிடந்தாள். மாரடைப்பு என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் விமானத்தில் சென்னைக்கும், அங்கிருந்து வேனில் உத்திரமேரூருக்கும் கொண்டுவந்தார்கள். அவள் பிறந்த காலனியின் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். மண் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது சேகர் அழுதுகொண்டே சொன்னதையும் கேட்டிருப்பீர்கள். "யாரு சொன்னாலும் கேக்காது எங்கக்கா. அந்தக் கேசுலயே பாத்தோமே. கூட இருந்தவங்க வேணாம்னு சொல்லியும் அதும்பாட்டுக்குப் பண்ணிச்சி." அவன் கோபத்தில் சொல்லவில்லை, துக்கத்தில் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் 'கூட இருந்தவங்க' நான்தான். நானும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் போர்ட் பிளேரில் ஒரே மருத்துவமனையில் செவிலியர்களாக இருந்தோம். நான் காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் பிறந்து உத்திரமேரூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்த வாரம், பிரசவ வார்டில் யாரோ ஒருத்தி, "இன்னாமா, வூட்லருந்து யாரும் வர்லியா?" என்று ஒரு நோயாளியிடம் கேட்பது காதில் விழுந்தது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர்ப் பேச்சு. திரும்பிப் பார்த்தேன். அதிலிருந்து இருபத்திரண்டு வருடம் நாங்கள் ஒருவரை ஒருவர் 'டீ' போட்டுத்தான் கூப்பிட்டோம்.

அவள் கணவர் அந்தோணி படகுப் பட்டறையில் மெக்கானிக். வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போன பழைய பாய்மரப் படகை நான்கு வருடம் செப்பம் செய்து, அதற்குச் 'செய்யாறு' என்று பெயர் எழுதினார். முப்பதடி நீளம். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, முழு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கூடம். அவர் இறந்த பிறகு ரோஸ்லின் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இரண்டு பெட்டியோடு படகுக்கே போய்விட்டாள். மழைக்காலத்தில் துறைமுகத்திலும் மற்ற மாதங்களில் தீவு தீவாகவும் இருப்பாள். ஊரில் ஒரு வீடு கட்டிக்கொள்ளச் சொல்லி நான் சண்டை போட்டபோது சொன்னாள்: "எங்கப்பா ஊரான் நெலத்துல ஒழைச்சாரு. சாவற வரைக்கும் நிக்க ஒரு சென்ட் இல்ல அவருக்கு. எனக்கு மட்டும் இன்னாத்துக்குடி நெலம்? இங்க யாரும் என்ன எய்ந்து போன்னு சொல்ல முடியாது."

இனி அந்த நாள்.

மே மாதக் கடைசி. மழை இறங்குவதற்கு முந்தைய கடைசிப் பயணத்தில் நான் பத்து நாள் விடுப்பெடுத்து அவளோடு போயிருந்தேன். வானிலை எச்சரிக்கை வந்ததால் ஒரு சின்னத் தீவின் மறைவில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். தீவின் பெயரைச் சொல்லவில்லை, அந்தக் குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. காலை பத்து மணிக்கு அங்கிருந்த துணை சுகாதார நிலையத்து நர்ஸ் சின்னத் தோணியில் மூச்சிறைக்க வந்தாள். வீட்டிலேயே குழந்தை பெற்ற பெண் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டது, ஊசியும் போட்டாயிற்று, கர்ப்பப்பை இறுகவில்லை. பயணிகள் கப்பலை நிறுத்திவிட்டார்கள். மீன்பிடிக்கிறவர்கள் அந்தச் சிறிய படகுகளில் வெளியே போக முடியாது என்றார்கள். ரத்தம் ஏற்ற வசதியுள்ள மருத்துவமனை நான்கு மணி நேரப் பயணத்தில், பெரிய தீவில் இருந்தது.

எந்தப் படகும் நகரக் கூடாது என்று அன்று காலைதான் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் ரோஸ்லினைத் தனியே இழுத்துச் சொன்னேன்: "வேணாம் ரோஸி. வழியில ஏதாச்சும் ஆச்சின்னா நம்ம மேல வரும். எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் கீது."

"உனக்கு சர்வீஸ் கீது. அவளுக்கு ரத்தம் இல்ல" என்றாள்.

பெண்ணை ஏற்றினோம். இருபது வயதிருக்கும். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அவள் கணவன் மட்டும் வந்தான். குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் கூடத்தில் குனிந்து நின்றான். நான் அந்தப் பெண்ணின் வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். கர்ப்பப்பை கைக்குக் கீழே கொஞ்சம் இறுகும், உடனே சேற்று உருண்டைபோலத் தளர்ந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் தீவின் மறைவிலேயே போனோம். அதைத் தாண்டியதும் அலை பக்கவாட்டில் வந்து மோதியது. தட்டு, டம்ளர், ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரம் எல்லாம் தரையில் உருண்டன. சிறிது நேரத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. அலையில் டாங்க்கின் அடிக்கசடு கலங்கி டீசல் குழாயை அடைத்துக்கொண்டது. மறுபடி மறுபடி முடுக்கியும் வரவில்லை.

ரோஸ்லின் பாயை மட்டும் வைத்துப் படகை நேராக்கிவிட்டு, மேலிருந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"கேளு. இப்பத் திரும்பினா ஒரு மணி நேரத்துல தீவு மறைவுக்குப் போயிடலாம். முன்னால போனா ரெண்டு பாறைத்திட்டு நடுவுல பாய வெச்சே நொழையணும், நடுவுல நிறுத்த முடியாது. எனக்குப் பயமா கீது. நான் ஒருத்தியா முடிவு பண்ண மாட்டேன். நீ சொல்லு."

அவள் நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. குரல் நிதானமாக இருந்தது. நான் அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எண்ண முடியாத வேகம். உதடு வெளுத்திருந்தது. திரும்பினால் அவள் அந்தத் தீவில் சாயங்காலத்துக்குள் இறந்துவிடுவாள். அது எனக்கும் தெரியும், ரோஸ்லினுக்கும் தெரியும்.

"போலாம்" என்றேன்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"போலாம் ரோஸி. போ."

அடுத்த அரைமணியில் ரத்தப்போக்கு அதிகமானது. என் கைகள் மரத்துவிட்டன, அழுத்தம் கொடுக்க முடியவில்லை. ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். எங்கள் வார்டில் அந்த வேலையில் அவளுக்கு இணை யாருமில்லை. "மேல வா. சுக்கானப் பிடி" என்றாள். நான் அதுவரை அலையில்லாத நீரில் விளையாட்டுக்குப் பிடித்ததோடு சரி. முடியாது என்றேன். அவள் சட்டை செய்யவில்லை. என் கையை எடுத்துச் சுக்கான் கட்டையில் வைத்தாள்.

"தோ, அந்த மலைமேல வெள்ளப் பாறை தெரிதா? அதுக்குக் கீய கரையில ஒத்தத் தென்னை. ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா தெரியணும். வெலகிச்சின்னா, எந்தப் பக்கம் போவணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் கட்டையத் தள்ளு. மொள்ள. பயமா இருந்தா வாய்வுட்டுச் சொல்லிக்கினே இரு, உள்ள வெச்சிக்காத. கை ஆடும்."

அவள் கீழே போய், கை முஷ்டியை உள்ளே வைத்து மறு கையால் வயிற்றின்மேல் அழுத்தி, கர்ப்பப்பையை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். அப்படியே இருந்தாள்.

திட்டுகளை நெருங்கியபோது மழை வந்தது. வெள்ளைப் பாறை மறைந்தது, தென்னை மறைந்தது, முன்னால் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. "ரோஸி, ஒண்ணும் தெர்ல" என்று கத்தினேன்.

"ஆழம் காட்ற மிசின் கீது பாரு. நம்பரப் படி. கட்டைய அசைக்காத."

"பதிமூணு. பதினொண்ணு."

"படிச்சிக்கினே இரு."

"ஒம்போது. ஏழு. அஞ்சு. ரோஸி, அஞ்சு."

"மூணு மீட்டருக்கு மேல இருந்தா ஒண்ணும் ஆவாது. உன் வலது கைப் பக்கம் அலை ஒடையற சத்தம் கேக்குதா?"

கேட்டது. மிக அருகில் கேட்டது. இருபதடிகூட இருக்காது.

"கேக்குது. பயமா கீது."

"எனக்குந்தான். கட்டைய வலது பக்கம் கொஞ்சம் தள்ளு. கொஞ்சம். இப்ப நம்பர்?"

"நாலு." நான் அழுதுகொண்டே படித்தேன். "நாலு. நாலு. ஆறு. எட்டு."

பன்னிரண்டு என்று படித்தபோது அந்தப் பெண்ணின் கணவன் கூடத்துக்குள் சத்தமாக ஏதோ சாமி பேரைச் சொன்னான். மழை விலகியதும் திட்டுகள் இரண்டும் எங்களுக்குப் பின்னால் இருந்தன.

ரேடியோவில் சொல்லியிருந்ததால் பெரிய தீவின் துறையில் ஆட்கள் ஸ்டிரெச்சரோடு நின்றார்கள். வெளிச்சம் மங்குவதற்குள் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏறியது. அவள் பிழைத்தாள். ரோஸ்லினின் இரண்டு கைகளும் பிடித்த நிலையிலேயே விறைத்திருந்தன. நான்தான் விரல் விரலாகப் பிரித்து வெந்நீரில் வைத்தேன்.

எச்சரிக்கையை மீறிப் படகெடுத்ததற்கு விசாரணை வந்தது. அரசு ஊழியர் என்பதால் என்னிடமும் எழுத்து விளக்கம் கேட்டார்கள். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'வேண்டாம் என்று நான் எடுத்துச் சொல்லியும் படகின் உரிமையாளர் புறப்பட்டார்' என்று அதில் இருந்தது. அது உண்மை. எஞ்சின் நின்றபோது அவள் என்னைக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் எழுதவில்லை. என் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். அவள் படகு ஆறு மாதம் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவானது.

அந்தக் காகிதத்தின் நகல் அவளுக்கும் போயிருந்தது. மறுநாள் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். காபி குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ எய்தினது எல்லாம் நெசம்தான்டி. ஒண்ண வுட்டுட்ட. பரவால்ல வுடு."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "வேற பேசு" என்றாள். பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓய்வுபெற்று நான் உத்திரமேரூருக்கு வந்த பிறகும் வாரம் தவறாமல் போன் செய்தாள். ஒவ்வொரு வருடமும் படகுக்குக் கூப்பிட்டாள். முதுகுவலி என்றும் பேத்திக்குப் பரீட்சை என்றும் சொல்லித் தட்டிக்கழித்தேன். அந்தக் கூடத்தில் போய் உட்கார எனக்கு முகமில்லை.

சேகர், நீயும் மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். உன் அக்கா யார் பேச்சையும் கேட்காதவள் இல்லை. நடுக்கடலில், பயத்தைப் பயம் என்று சொல்லி, என்னைக் கேட்டாள். ஒருமுறை இல்லை, இரண்டு முறை கேட்டாள். போ என்று சொன்னவள் நான். அவளுடைய பிடிவாதம் என்று இத்தனை வருடம் நீங்கள் பேசியது என் கையெழுத்தில் இருந்து வந்தது.

இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவளிடமிருந்து எனக்கு எத்தனையோ வந்தன. எல்லாவற்றிலும் நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே வீட்டை, ஓட்டத் தெரியாத என் கையில் கொடுத்துவிட்டு, நான் சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று ஒருமுறைகூட மேலே வந்து பார்க்காமல் அவள் கீழே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.